எப்பம்மா கடலுக்குப் போறே?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மருமகள், குழந்தை மூவரும் நலம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுக்கொண்டேன். அதனால் அந்த விசாரிப்பை இங்கே விட்டுவிடுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. புதிதாக யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா இரண்டு பேரையும் சமாதானம் செய்யக் கிளம்பிவிடுவார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் அப்பா. புண் காய்ந்துகொண்டு வருகிறது. கட்டு மாற்ற வரும் நர்ஸ் நேற்று பார்த்துவிட்டு, நல்ல சதை பிடிக்கிறது என்றார். வலது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போனதில் நடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அது கதவு மூலையில் அப்படியே நிற்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீடு முழுக்க நடக்கிறார். இடுப்பு உயரத்துக்குச் சுவரெல்லாம் கை அழுக்கு. நான் முணுமுணுத்தால், "பத்து விரலும் என்ன, வேலையா பாத்துச்சு? ரெண்டு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்கிறார். நீ அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்தது. அதைத்தான் போடுகிறோம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் குழாயை எடுத்துக் காட்டி, "பையன் அனுப்பினது, இங்க கிடைக்காது" என்கிறார். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

பக்கத்து வீட்டு அத்தை வழக்கம்போல் காலையும் மாலையும் ஆஜர். அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று வந்து, என் சமையலைப் பார்த்துவிட்டுப் போகிறாள். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் தங்கை அடுத்த மாதம் வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் சொல்லும் அடுத்த மாதம் உனக்குத் தெரியாததா.

இனி என் வேலை. இந்த வருடத்தோடு எனக்கு ஓய்வு என்பது உனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் அப்படியேதான். எங்கள் இயக்குநரும் அப்படியேதான். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் பார்க்கலாம் சார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். குளிர்பெட்டி வேலை செய்யவில்லை என்று போய் நின்றாலும் பார்க்கலாம், கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம். ஒருநாள் ஜன்னல் வழியாகத் தீப்பிடித்த குப்பைத் தொட்டியைக் காட்டினோம். அதற்கும் அதையே சொன்னார். அன்றைக்கு மட்டும் நிஜமாகவே பார்த்தார்.

இந்த வருடம் நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் குடாவில் தண்ணீரோடு கடற்பாசியையும் சேர்த்துச் சோதிக்கிறோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. உனக்கு விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாசிக் கொத்தில் ஒட்டியிருக்கும் புழுவையும் நத்தையையும் இடுக்கியால் பொறுக்கி எடுத்தவன் நீ. இருந்தாலும் சொல்கிறேன், இந்தக் கடிதமே அதில்தான் நிற்கிறது. குப்பியில் பிடிக்கும் தண்ணீர் அந்த நிமிஷத்துத் தண்ணீர். நேற்று என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. பாசி அப்படியில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது; வாரக்கணக்கில் அதைக் கடந்துபோகிற தண்ணீரில் இருந்ததையெல்லாம் தின்று உடம்பில் வைத்துக்கொள்கிறது. உலர்த்தி, இடித்து, எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு நைட்ரஜன் தின்றிருக்கிறது என்று தெரியும். அதை இன்னும் நுணுக்கிப் பார்த்தால் அது மண்ணிலிருந்து வந்ததா, உரத்திலிருந்து வந்ததா, மனிதக் கழிவிலிருந்து வந்ததா என்பதும் தெரியும்.

வருடம் முழுக்க எனக்குத் தண்ணீர் ஒன்று சொன்னது, பாசி ஒன்று சொன்னது. தண்ணீர் பச்சைக் குழந்தைபோல் சுத்தம். பாசியோ கழிவைத் தின்று கொழுத்திருந்தது. இரண்டும் ஒரே இடம், ஒரே நாள், ஒரே படகு.

நான் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? முதலில் என்னைத்தான். உலர்த்தும் அடுப்பைச் சந்தேகப்பட்டேன், இடிக்கிற கல்வத்தைச் சந்தேகப்பட்டேன். கல்வத்தை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். எடைத் தட்டை மாற்றினேன். வயதாகிவிட்டது, கை தடுமாறுகிறது போலிருக்கிறது என்று மனதுக்குள் அழுதிருக்கிறேன். வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் பாசியை அனுப்பினேன். அங்கிருந்தும் அதே பதில் வந்தது. பார்க்கலாம் சாரிடம் காட்டினேன். என்ன சொன்னார் என்று எழுதவும் வேண்டுமா? நம் படகுக்காரர்தான் ஒருநாள் குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி நம்ம வர்றது தெரிஞ்சதும் மூஞ்சியக் கழுவிட்டு வந்து நிக்குதும்மா" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பிறகு ஒருநாள், மிதவையில் கட்டியிருந்த வெப்பமானியை மறந்து விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அதை எடுக்க மட்டும் போனோம். போன இடத்தில் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷம், ஒரு குப்பி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். கழிவுநீரில் வரும் அம்மோனியா இருந்தால் சோதனைக் குழாயில் நீலம் ஏறும் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு ஏறிய நீலத்தை நான் அந்தக் குடாவில் பார்த்ததே இல்லை. குப்பிதான் அழுக்கு என்று முதலில் நினைத்தேன். அதே பெட்டியிலிருந்த மற்றக் குப்பிகளைச் சோதித்தேன். எல்லாம் சுத்தம்.

அப்போதுதான் புத்தி வந்தது. தண்ணீர் சுத்தமாக இருப்பது நான் போகும் நாளில் மட்டும். அப்படியென்றால் நான் போகும் நாள் யாருக்கோ முன்கூட்டித் தெரிகிறது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. காற்றையும் அலையையும் பார்த்து நானும் படகுக்காரரும் பேசி வைத்துக்கொள்வதுதான். அவருடைய மச்சான், குடாவின் முனையில் கடலுக்குள் கழிவுக் குழாய் விட்டிருக்கும் அந்தப் பெரிய விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறார். போதாதா? இத்தனை வருடம் என் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு அலையில் ஓட்டியவரை நான் திருடனைப்போல் பார்க்க ஆரம்பித்தேன். நாளைச் சொல்வதை நிறுத்தினேன். காலையில் நேரே படகுத்துறையில் போய் நின்று, கிளம்புங்கள் என்பேன். அவர் ஒன்றும் கேட்காமல் கிளம்புவார். மூன்றாவது முறையோ என்னவோ, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "என் மேல நம்பிக்கை இல்லன்னா சொல்லிருங்கம்மா, வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரிடம் நாளைச் சொல்லாத அந்த முறைகளிலும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது.

அவரும் இல்லை என்றால் மிச்சம் யார் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட மனம் வரவில்லை. நீயாகவேதான் காட்டிக் கொடுத்தாய். போன மாதம் நான் போனில் பாசியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்: என்னவோ இந்த வருடம் பாசி அதிகமாகத் தின்றிருக்கிறது என்று. உடனே நீ, "எங்க பைப்புலேருந்து ஒண்ணும் வராதும்மா" என்றாய். உன் பைப்பை யாரடா கேட்டது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருத்தன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாய். சாப்பிட்டாயா, அப்பா எப்படி இருக்கிறார், அப்புறம் மூன்றாவதாக, "எப்பம்மா கடலுக்குப் போறே?" நானும் புதன் என்பேன், வெள்ளி என்பேன். உடனே, "காத்து அதிகமா இருந்தா போகாதம்மா" என்று ஒரு வார்த்தை சேர்ப்பாய். இதை நான் அத்தையிடம் எத்தனை முறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? உன் பிள்ளைகள் மாதிரியா, என் பையன் அவ்வளவு தூரத்தில் இருந்தும் நான் எந்த நாள் கடலில் இறங்குகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்று. அத்தைக்கு முகம் சுருங்கிப்போகும். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

உனக்கு அந்த வேலை கிடைத்தபோது போனிலேயே உன் மேஜைத் திரையைக் காட்டினாய். கம்பெனியின் விடுதிகள் எல்லாவற்றின் கழிவுநீர் ஆலைகளும் அதில் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாகத் தெரிந்தன. நம் முனை விடுதியின் புள்ளியைத் தொட்டுக் காட்டி, "இங்கேருந்தே கடல் குழாயைத் திறக்கலாம், மூடலாம்மா" என்றாய். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் தண்ணீர் நம் பையன் விரலில் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

அதனால்தான் ஒரு சோதனை செய்தேன். போன மாதக் கடைசியில் நீ கேட்டபோது வியாழக்கிழமை போகிறேன் என்று சொன்னேன். அது பொய். செவ்வாய்க்கிழமையே போனேன். வியாழனும் போனேன். இரண்டு நாளும் அதே பாறை, அதே ஆழம், அலை வற்றும் அதே நேரம். செவ்வாய்க்கிழமைத் தண்ணீரைக் குழாயில் ஊற்றி மருந்து சேர்த்துவிட்டு நிறம் வருவதற்குக் காத்திருந்தேனே, அந்தக் காத்திருப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருட வேலையில் என் சோதனை தப்பாகப் போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். நீலம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வியாழக்கிழமைக் குழாய் அப்படியே வெள்ளையாக நின்றது. இரண்டையும் தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கூட வேலை செய்யும் பெண் வந்து பார்த்துவிட்டு, "மேடம், கண்டுபிடிச்சிட்டீங்க" என்று சந்தோஷமாகக் கையைப் பிடித்தாள். ஆமாம், கண்டுபிடித்துவிட்டேன்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சுற்றுலாக் காலத்தில் விடுதி நிரம்பி வழிகிறது, ஆலை தாங்கவில்லை, பாதி சுத்தம் செய்ததைக் கடலில் விடவேண்டியிருக்கிறது, மேலே இருக்கிறவர்கள் சோதனைத் தாள் மட்டும் சுத்தமாக இருக்கட்டும் என்கிறார்கள், எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. இதைத்தானே சொல்லப்போகிறாய்? சொல். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உன்னிடம் இருந்தது. எந்த நாள் மூடவேண்டும் என்பது. அதை நீ என் வாயிலிருந்து எடுத்தாய். வேறு எவனாவது எங்கள் அலுவலகத்தில் காசு கொடுத்து வாங்கியிருந்தால், பாவி என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீ என்னிடம், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டுவிட்டு வாங்கினாய்.

இப்போது அப்பாவின் கால். நீ எதிர்பார்த்திருப்பாய், இவள் இங்கேதான் வந்து நிற்பாள் என்று. தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடாவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைக் கேட்பார்: "தண்ணி எப்படி இருக்கு?" ரசாயனம் படித்த பெண்டாட்டியைக் கட்டியதற்கு அதுதான் அவருக்குக் கிடைத்த லாபம் என்று கேலி வேறு. நானும் என் அட்டவணையைப் பார்த்து, "தண்ணி சுத்தம், போய்ட்டு வாங்க" என்பேன். வருடம் முழுக்கச் சொன்னேன். பவளப்பாறை கீறின அன்றைக்கும் சொன்னேன். புண்ணுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் எழுதித் தரவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், கீறல் எங்கே வேண்டுமானாலும் சீழ் பிடிக்கும் என்றார். நானும் தண்ணீர்தான் என்று சொல்லமாட்டேன். நிரூபிக்க முடியாததைச் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. ஆனால் நான் சுத்தம் என்றது பொய். அந்தப் பொய்யை என் வாயில் வைத்தவன் நீ.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாய். விரலை எடுத்த அன்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அழுதுவிட்டு ஊர் திரும்பினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். அப்பாவுக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டாய். அப்புறம் கேட்டாய், "எப்பம்மா கடலுக்குப் போறே?"

படகுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வலையைக் காயப்போட்டுக்கொண்டே, "தொலைஞ்சதை எல்லாரும் முதல்ல தெருவுலதான்மா தேடுவாங்க, அப்புறந்தான் வீட்டுக்குள்ள பாப்பாங்க" என்றார். எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். இந்த வருடத் தண்ணீர் முடிவுகள் அத்தனையையும் செல்லாது என்று நானே அடித்துவிட்டேன். பாசியின் முடிவுகள் மட்டும் நிற்கின்றன. ஏன் செல்லாது என்று காரணம் எழுதவேண்டும். எழுதினேன்: மாதிரி எடுக்கும் நாளை, ஆய்வாளர் ஆலைப் பொறுப்பாளரான தன் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவந்தார். இத்தனை வருட வேலைக்கு என் கடைசி வரி அது. பெண்டாட்டியின் பேச்சை நம்பி அப்பா தண்ணீரில் இறங்கினார், பிள்ளையின் அக்கறையை நம்பி நான் இறங்கினேன். ஓய்வு பெறும் நாளில் மாலை போடுவார்களோ என்னவோ, பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலையில் அறிக்கை இயக்குநருக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் போகிறது. இயக்குநருக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் இரண்டு இடம். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்குள் வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். இடையில் இரண்டு நாள் இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிடு. பிடிபட்டுச் சொல்வதும் தானாகச் சொல்வதும் ஒன்றில்லை. வேலை போகும். போகட்டும். இங்கே வா, இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது. குழந்தைக்கு இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அறிக்கையைக் கிழித்துப்போடு என்று மட்டும் என்னைக் கேட்காதே. நீ கேட்டால் செய்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கப்போவதில்லை.

அப்பா எடுப்பார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. புண் ஆறியதும் மறுபடியும் குடாவில் இறங்கவேண்டும் என்று துண்டை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். நேற்றும் வாசலில் நின்றுகொண்டு, "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை பெரியவன் கூப்பிடுவான், அவனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். நீ சொன்னால் நம்புவார், உனக்குத் தெரியும்.

யோசித்துப் பதில் சொல் கண்ணா. நீ நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த மனதில் இன்னமும் வேறொன்றும் இல்லை.

ஆசிகளுடன்,
அம்மா